தறியை நிறுத்திக் கற்ற இங்கிலீஷ்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் காது அடைக்கும், பிறகுதான் வீடுகள் கண்ணில் படும். வீட்டுக்கு வீடு பவர்லூம் தறி. எங்கள் வீட்டில் நான்கு. அந்த இரைச்சலுக்கு மேலே குரல் எடுத்தே பேசிப் பழகியவர்கள் நாங்கள். சோறு போடட்டுமா என்று அம்மா கேட்பதே ஊரைக் கூட்டுவது போல இருக்கும். எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது.

திருப்பதியில் ஏசி ஓட்டல்கள் புதிது புதிதாக எழும்பிய காலம் அது. வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்களெல்லாம் குடும்பத்தோடு மலைக்கு வந்துபோக ஆரம்பித்திருந்தார்கள். ரிசப்ஷனுக்கு இங்கிலீஷ் பேசுகிற பெண்கள் வேண்டும் என்றார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் புத்தூரில் இன்னொரு தறிவீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டியதுதான். பேச்சு பாதி முடிந்திருந்தது.

வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவள் நான். இங்கிலீஷுக்குப் பழைய கைடு ஒன்று வாங்கி, தறிக்குப் பாபினில் நூல் சுற்றிக்கொண்டே படித்தேன். "மே ஐ நோ யுவர் நேம்?" என்று தறியைக் கேட்பேன். "ஹவ் மெனி டேஸ் வில் யூ ஸ்டே?" என்பேன். டவல், பக்கெட், பெட்ஷீட், வெந்நீருக்கு ஹாட் வாட்டர் என்று அறையில் இருப்பதையெல்லாம் ஒப்பிப்பேன். தறி பாட்டுக்கு ஓடும்.

நேர்முகத்தில் எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னேன். மேனேஜர் மட்டும் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில் தெலுங்கில் தன்மையாகச் சொன்னார்: "இங்கிலீஷ் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஏன் கத்தற? போன்ல இப்படிப் பேசினா ரூம் புக் பண்றவங்க பயந்துடுவாங்க. குரலைக் குறைச்சிக்கினு அடுத்த மாசம் வா, பார்க்கலாம்."

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் அதைச் சொன்னபோதும் கத்தித்தான் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் நைனா, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், நான்கு தறிகளையும் நிறுத்தினார். எங்கள் தெருவில் கரண்ட் இருக்கும்போது தறி நின்றால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். எதிர்வீட்டு அத்தை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே ஓடிவந்தாள்.

"யாருக்கு இன்னா ஆச்சி?"

"யாருக்கும் ஒன்னும் ஆவல. பாப்பா இங்கிலீஷ் படிச்சிக்கினு கீது," என்றார் நைனா.

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். இதற்காகவா தறியை நிறுத்துவது என்று அன்றைக்கே தெருவெல்லாம் பேச்சு. நைனா காதில் வாங்கவில்லை. வாங்கவும் முடியாது, தறியடியிலேயே காலம் கழித்தவருக்குக் காது பாதி போயிருந்தது.

அந்தக் காதைத்தான் எனக்கு அளவுகோலாகக் கொடுத்தார். தறிக் கொட்டகையின் அந்தக் கோடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நீ பேசு. என் காதுல வுழுந்தா கத்தறன்னு அர்த்தம். கை தூக்கறேன்."

முதல் வாரமெல்லாம் கை தூக்கியபடியே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. குரல் இறங்கினால் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். சாயங்காலம் தவறாமல் தறி நின்றது, மாத முடிவில் நெய்த புடவை குறைந்தது. மெல்ல மெல்ல அந்தக் கை மடியிலேயே கிடக்க ஆரம்பித்தது.

வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ நல்ல வேலை. எல்லாம் அந்த நின்ற தறிகள் கொடுத்தவை. நைனாவுக்கு அதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னால், கத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் ஓட்டலுக்கு வந்தார். வெள்ளை வேட்டியோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்து, நான் போனில் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து ஒரு குடும்பம், நீண்ட பேச்சு. வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

அந்த ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

"ஒன்னுமே கேக்கல பாப்பா."