ஜூன் மாதத்தில் ஒரு கித்தான்

பாலைவன நகரமான டூசானில் ஏர்கூலரை மூடுவது அக்டோபரில்தான். வெயில் தணிந்ததும் கூரைமேல் ஏறி, தண்ணீரை வடித்துவிட்டு, கித்தானைப் போர்த்திக் கயிறு கட்டுவார்கள். ஜூன் கடைசியில் ஒரு வீட்டில் மூடச் சொன்னால், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போகிறார்கள் என்று அர்த்தம்.

அதனால்தான், மழைக்காலத்தை வரவேற்கும் சான் ஹுவான் திருநாளுக்கு மறுநாள் ஒபேலியா போனில் கூப்பிட்டு, "கித்தானோட வாங்க, கூலரை மூடணும்" என்றதும் அவர் ஊரைவிட்டுப் போகிறார் என்றே லாசரோ முடிவுகட்டிவிட்டார்.

ஒன்பது வருஷமாக அந்த வீட்டுக் கூலர் அவர் பொறுப்பு. ஏப்ரலில் அதில் தண்ணீர் ஊறும் மரச்சீவல் மெத்தைகளை மாற்றுவார். நடுவில் இரண்டு தடவை காற்றாடி பெல்ட்டை இறுக்க வருவார். அது இறுகித்தான் இருக்கும். இறங்கியதும் ஒபேலியா குளிர்ந்த புளித்தண்ணீர் தருவார். பின்வாசல் படியிலேயே நின்று குடித்துவிட்டு, "வரேன், தோன்யா ஒபேலியா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அறுபத்து மூன்று வயதில், மனைவியை இழந்து பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் இப்படியொரு கூச்சம். என்ன சொல்ல!

காய்ந்த காற்றில் ஜில்லென்று ஊதுகிற கூலர், மழைக்கால ஈரம் வந்துவிட்டால் நசநசப்பைத்தான் ஊதும். போன ஜூலையில் அந்தப் புழுக்கத்தில், தனியாக இருக்கும் ஒபேலியா மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து போர்ட்லாண்டில் இருக்கும் மகள், "இங்க வந்துடும்மா" என்று விடாமல் நச்சரிக்கிறாள்.

வழக்கம்போல் பின்சந்து வழியாக வந்து லாசரோ ஏணியில் ஏறினார். தெற்கே மலைமேல் மேகம் கறுத்திருந்தது. தண்ணீரை வடித்தார். கித்தானை விரித்தார். கயிறு கையில் இருந்தது, முடிச்சு மட்டும் விழவில்லை.

கீழிருந்து ஒபேலியாவின் குரல் வந்தது. "என்ன தோன் லாசரோ, மேலேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? மின்னுது, இறங்குங்க!"

"கட்ட மனசு வரல."

"கயிறு கட்ட மனசு எதுக்கு? கை போதாதா?"

"போகாதீங்க, ஒபேலியா."

பெயரை வெறுமனே சொன்னது அதுவே முதல் தடவை. பெரிய பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியது.

"நான் எங்க போறேன்?"

"மக வீட்டுக்கு."

"அங்க வருஷம் பூரா தூறல். துவைச்ச துணி காயாத ஊர்ல எனக்கென்ன வேலை? நேத்துதான் முன்னறையில ஏசி மாட்டினாங்க. அதுக்கப்புறம்தான் மக வாயை மூடினா. பின்சந்துலயே வந்துட்டுப் போனா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லாசரோவுக்கு உயிர் வந்தது. கிடுகிடுவென்று கட்டி முடித்து இறங்கியவருக்கு, கடைசிப் படியில் முகம் வாடிவிட்டது.

"அப்ப ஏப்ரல்ல நான் வர வேண்டாம்."

"கூரைக்கு வர வேண்டாம்." ஒபேலியா அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தார். "பீன்ஸ் அடுப்புல இருக்கு. மனுஷங்க மாதிரி முன்வாசல் வழியா வந்து உக்காந்து சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்கதவு திறந்தே கிடந்தது. ஆனாலும் லாசரோ சொட்டச் சொட்ட நனைந்தபடி வீட்டைச் சுற்றிப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முன்கதவைத் தட்டினார்.