கண்டக்குழி வாடியில் ஒரு வெள்ளைக் காகம்

போன சனிக்கிழமை நான் கண்டக்குழிக்குப் போனது ஒரு காகத்துக்காக. வெள்ளைக் காகம். மீன் காயப்போடும் கருவாட்டு வாடியில் திரிகிறது என்று போனில் ஒரு படம் வந்தது. இறகில் நிறமி இல்லாவிட்டால் அப்படியாகுமாம். எனக்கும் அதே கேஸ்தான். கையிலும் கன்னத்திலும் வெண்புள்ளி. வகுப்பில் என் பட்டம் 'உலகப்படம்'. புவியியல் பாடத்துக்கு என்னைச் சுவரில் மாட்டலாம் என்று நானே முந்திச் சொல்லிவிடுவேன். மற்றக் காகங்கள் அதைச் சேர்த்துக்கொள்கின்றனவா? அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

புத்தளத்தில் காலை ஆறரைக்குக் கல்பிட்டி பஸ். வலப்பக்கம் உட்கார்ந்தால் களப்பு நீரும் தெரியும், முகத்தில் வெயிலும் அடிக்கும். ஒன்றரை மணித்தியாலம். இறங்கும் சந்தியிலிருந்து கடற்கரைக்கு த்ரீவீல், பேரம் பேசி முந்நூறு ரூபாய்.

"வெள்ளக் காகமா? ஒன்னக் கண்டா சொந்தக்காரன் வந்திட்டானெண்டு அதுவே பறந்து வரும்" என்றார் சாரதி. எங்கள் பக்கம் அண்ணன் முறைக்கு 'நானா'.

"அப்ப திரும்பி வரக்குள்ள ரெண்டு பேருக்கு வாடகை கேப்பீங்களா நானா?"

வாடியில் சாளை மீன் காய்ந்துகொண்டிருந்தது. காகம் அண்டாமலிருக்க, செத்த காகமொன்றைக் கம்பில் தொங்கவிடுவது இங்கே வழக்கம். கண்டதும் மற்றவை கத்திக்கொண்டு ஓடிவிடும். அன்று கம்பில் தலைகீழாகத் தொங்கியது நான் தேடி வந்த காகம்.

"கவணால அடிச்சது" என்றார் மீன் பரப்பிக்கொண்டிருந்த அக்கா. "கூட்டத்துக்குள்ள இதுதானே தம்பி நல்லாத் தெரிஞ்சிச்சு."

"இப்ப மத்தக் காகம் வாறல்லையா?"

அவர் பதிலுக்குக் கூடையைத் தூக்கி எறிந்தார். தொங்கும் காகத்துக்கு நேர் கீழே நாலைந்து கறுப்புகள் ஆற அமரக் கருவாடு கொத்திக்கொண்டிருந்தன. ஒன்று அதே கம்பின் உச்சியில் இறகு கோதியது.

"சனியனுகள் பயப்படுதில்ல. இதக் காகமெண்டே அதுகள் கணக்கெடுக்கல்ல. கறுத்தது ஒண்டு அடிக்கோணும்."

சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்து, வெள்ளையை மணலில் படர்ந்திருந்த அடம்பன் கொடிக்குள் வீசினார். பிறகுதான் என் கையைப் பார்த்தார். ஒரு பை நிறையச் சாளைக் கருவாடு போட்டுத் தந்தார். வாங்கிக்கொண்டேன். ஒரு பகிடியும் வாய்க்கு வரவில்லை.

போகிறவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். என்னைப் போன்ற தோலென்றால் நீளக்கைச் சட்டை; வெயில் வெள்ளையைத்தான் முதலில் பிடிக்கும். வெள்ளைக் காகம் என்று யாராவது படம் அனுப்பினால் நம்பிப் போகாதீர்கள்; படம் பழசு. த்ரீவீல் திரும்பும்போதும் முந்நூறுதான். சாரதி நானா பின் சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு ஆளுக்கான வாடகைதான் எடுத்தார்.