வாய்விட்டுச் சொன்ன தொகை

யோகலட்சுமி வேலை பார்த்த மழலையர் பள்ளி கொரோனா வருஷத்தில் மூடியது. பிறகு திறக்கவே இல்லை. கல்யாணமான புதிதில் ஆயாவாகச் சேர்ந்தவள், சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்குத் துடைத்து, தட்டித் தூங்க வைத்தே பழகியவள். அந்தக் கை திடீரென்று சும்மா கிடந்தது. கணவர் சேவுகப்பெருமாள் அரிசி ஆலையில் மேற்பார்வை பார்த்தார். மகன் பாலிடெக்னிக் விடுதியில் தங்கிப் படித்தான். காரைக்குடி கழனிவாசலில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் பகல் முழுக்க அவள் ஒருத்திதான்.

அந்த நேரத்தில்தான் அடுத்த வீட்டுக்குச் சினேகா குடிவந்தாள். தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். புருஷன் கோயம்புத்தூரில் லாரி ஓட்டினான், மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். பிரசவ விடுப்பு முடியும் சமயத்தில், கைப்பிள்ளையை விட்டுப் போகட்டுமா என்று சினேகா தயங்கித் தயங்கிக் கேட்டாள். மாதம் எவ்வளவு தர வேண்டும் என்றும் கேட்டாள். இப்படிக் கேட்டால் ஊரில் எல்லாரும் என்ன சொல்வார்களோ அதையேதான் யோகலட்சுமியும் சொன்னாள்.

"என்னத்தைச் சொல்ல. பாத்துக் குடு."

சினேகா பார்த்து இரண்டாயிரம் கொடுத்தாள். ஒரு வருஷத்துக்குள் வேறு பிள்ளைகளும் வந்து சேர்ந்தன. வங்கி அதிகாரி பூமிநாதன் தன் மகளை விட்டார், அவராகவே ஐயாயிரம் கொடுத்தார். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பாண்டிமுருகன் ஒரு மாதம் ஆயிரம் கொடுப்பான், அடுத்த மாதம் வாசலில் நின்று தலையைச் சொறிவான், போகும்போது ஒரு பை நிறைய பன் வாங்கி வைத்துவிட்டுப் போவான். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்த சித்ரா தன் மகனைக் கொண்டுவந்து விட்டாள். அவள் சேவுகப்பெருமாளின் உடன்பிறந்த தங்கை. அவளிடம் காசு என்ற பேச்சே எழவில்லை. மாமன் வீட்டில் மருமகன் வளர்வதற்கு யார் விலை பேசுவார்கள்?

வீடு நிறைந்துவிட்டது. ஒத்தாசைக்குப் பொன்னுத்தாயி என்ற அம்மாளைக் காலையில் மட்டும் வரச் சொன்னாள் யோகலட்சுமி. வருகிற தொகை அந்த அம்மாளின் சம்பளத்துக்கும் பாலுக்கும் சரியாகப் போனது. அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வேறொன்றுதான் அவளை உலுக்கியது.

பொன்னுத்தாயி வேலை முடிந்து போன பிறகு, ஒரு மத்தியானம் இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் அழுதன. பூமிநாதனின் மகள் டம்ளரைத் தட்டிவிட்டுச் சட்டையெல்லாம் பாலாக நின்றாள். சித்ராவின் மகன் நிலைப்படியில் தடுக்கி விழுந்து கிடந்தான். யோகலட்சுமி ஓடிப் போய்த் தூக்கியது அந்தப் பெண்ணைத்தான். முகத்தைத் துடைத்து, சட்டையை மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பையனின் உதடு கிழிந்து ரத்தம் மோவாய் வரைக்கும் இறங்கியிருந்தது. சின்னக் காயம், இரண்டு நாளில் ஆறிவிட்டது. விளையாடும்போது விழுந்தான் என்றதும் சித்ரா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யோகலட்சுமிக்குத்தான் மனம் ஆறவில்லை. அத்தனை வருஷம் பள்ளியில் வேலை பார்த்தவள், எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று ஒருநாளும் அறிந்ததில்லை. ஆபீஸில் கட்டுவார்கள், அவளிடம் பிள்ளை மட்டும்தான் வரும். இங்கே காசும் பிள்ளையும் ஒரே கையில் வந்து விழுகின்றன. கை தன்னையறியாமல் கனத்த பக்கம் சாய்கிறது. அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்றிரவு சாப்பாடு போடும்போது புருஷனிடம் சொன்னாள். இனி எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்றாள்.

"சித்ராகிட்டயுமா?" என்றார் சேவுகப்பெருமாள்.

"சித்ராகிட்டதான் மொதல்ல."

அவர் சாதத்தைப் பிசைந்தார். சொந்தபந்தம் நாலு பேர் நாலுவிதமாகப் பேசுவார்கள் என்றார். பேசட்டும் என்றாள். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை, ஆனால் தங்கையிடம் தன்னைப் பேசச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

தொகையை முடிவு செய்வது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஊருக்குள் இருந்த இரண்டு விளையாட்டுப் பள்ளிகளுக்குப் போன் போட்டு, பிள்ளை சேர்ப்பவள் மாதிரி விசாரித்தாள். அவர்கள் கேட்டது அதிகம், ஆனால் மூன்று மணிக்கெல்லாம் கதவை அடைத்துவிடுவார்கள். பால், முட்டை, கேஸ், பொன்னுத்தாயியின் சம்பளம், வாடகையில் ஒரு பங்கு, தன் உழைப்புக்கு ஒன்று என்று கூட்டிப் பார்த்தாள். தன் உழைப்புக்குப் போட்ட தொகையை முதலில் பாதியாகக் குறைத்தாள், பிறகு பழையபடி ஏற்றினாள். கடைசியில் மாதம் நாலாயிரம் என்று நின்றது. ஒன்றரை வயதுக்குக் கீழே என்றால் ஐயாயிரம், ஏனென்றால் கைப்பிள்ளைக்கு ஒரு ஆளே வேண்டும். அரைநாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு. மாலை ஆறு மணி தாண்டினால் ஒவ்வொரு அரைமணிக்கும் ஐம்பது. பிள்ளை லீவு போட்டாலும் கழிவு கிடையாது.

இந்தக் கடைசி விதியைச் சொல்லத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை. ஊருக்குப் போன நாளுக்கும் காசா என்பார்களே. பொன்னுத்தாயியிடம் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் பாய் சுருட்டிக்கொண்டே, "புள்ள வராட்டாலும் எடம் அதுக்குத்தான கெடக்கு தாயி," என்றாள். யோகலட்சுமி அதையே சொல்வதென்று வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்ராவின் வீட்டுக்குத் தனியாகப் போனாள். காப்பி குடித்து முடித்துத் தொகையைச் சொன்னாள்.

சித்ரா முதலில் சிரித்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது. "எம் புள்ளையப் பாக்க ஒங்களுக்குக் கூலியா மதினி? அண்ணன் கேக்கச் சொல்லுச்சா?"

"அவுகளுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல. நான்தான் கேக்குறேன்." யோகலட்சுமி மற்றதையும் சொல்லிவிட்டாள். "இவன் ஒதடு கிழிஞ்ச அன்னைக்கு நான் இவனத் தூக்கல சித்ரா. காசு குடுத்த புள்ளையத் தூக்குனேன். அது எனக்குப் பிடிக்கல. இனிமே எல்லாப் புள்ளையும் ஒண்ணா இருக்கட்டும்."

சித்ரா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. மறுநாள் முதல் பையனும் வரவில்லை.

மற்றவர்களிடம் சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை. பாண்டிமுருகன் அரைநாளுக்கு ஒத்துக்கொண்டான். மத்தியானத்துக்கு மேல் அவன் மனைவி பிள்ளையைக் கடையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். இப்போது அவன் வாசலில் நின்று தலையைச் சொறிவதில்லை. எதிர்பாராமல் முறுக்கிக்கொண்டவர் பூமிநாதன்தான். அவருக்குத் தொகை ஆயிரம் குறைந்திருந்தது. குறைத்தால் கவனிப்பும் குறையுமோ என்று அவருக்குச் சந்தேகம், பழையபடி ஐயாயிரமே தருகிறேன் என்றார். யோகலட்சுமி வேண்டாம் என்றாள். மகளை விசாரித்துத் தினமும் மத்தியானம் மூன்று தடவை போன் செய்வதையும் ஒரு தடவையாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு மாதம் கடுகடுவென்று வந்து போனார், பிறகு பழகிவிட்டார்.

இடி சினேகா தலையில்தான் விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டதால் நாலாயிரம்தான், அதைக்கூடச் சமாளித்துவிடுவாள். ஆனால் மாதத்தில் பாதி நாள் அவளுக்கு மத்தியான டியூட்டி. முடிந்து வர எட்டு மணியாகும். ஆறு மணிக்கு மேல் அரைமணிக்கு ஐம்பது என்றால் அவளுக்கு எங்கே கட்டும்? அவள் சண்டை போடவில்லை. "நீங்க கேக்குறது நாயந்தான்க்கா. எனக்குத்தான் முடியல," என்றாள். பிள்ளையை வலையபட்டியில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, அங்கிருந்தே பஸ்ஸில் வேலைக்குப் போய் வரத் தொடங்கினாள்.

சித்ரா கோபித்துக்கொண்டு போனதைவிட இது யோகலட்சுமியை அதிகம் வாட்டியது. முதன்முதலில் தன்னை நம்பி வந்தவளையே தான் போட்ட விதி வெளியே தள்ளிவிட்டதே என்று பல நாள் யோசித்தாள். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. காலையில் போய் மாலையில் திரும்பும் ஆபீஸ்காரர்களை மனத்தில் வைத்தே அவள் கட்டணம் போட்டிருந்தாள். சினேகாவின் பிள்ளை ராத்திரி எட்டு மணி வரை இருந்த நாட்களில் வந்ததே பதினொரு மணிக்குத்தான். மற்றப் பிள்ளைகளைவிட ஒரு நாழிகைகூட அது கூடுதலாக இருந்ததில்லை.

கட்டணத்தை மாற்றினாள். பிள்ளை எப்போது வருகிறதோ அப்போதிருந்து ஒன்பது மணி நேரம், அதற்கு மேல் போனால்தான் கூடுதல். ராத்திரி எட்டரைக்குக் கதவு சாத்தப்படும். பொன்னுத்தாயி சம்பளம் கூட்டிக் கொடுத்தால் சாயங்காலமும் வருவதாகச் சொன்னாள். எல்லாம் ஒழுங்கானதும் சினேகாவுக்குப் போன் செய்தாள்.

சினேகா சந்தோஷப்பட்டாள். ஆனால் பிள்ளை அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி பிடுங்கி நடுவது பாவம் என்றாள். அவள் திரும்பி வரவில்லை, அடுத்த வீட்டையும் காலி செய்தாள். தன்னோடு வேலை பார்த்த இரண்டு நர்ஸ்களை அனுப்பிவைத்தாள். அவர்கள் பிள்ளைகள்தான் இன்றைக்கும் அந்த வீட்டில் கடைசியாகக் கிளம்புகிறவை.

சித்ரா தன் மகனை ஒரு விளையாட்டுப் பள்ளியில் சேர்த்திருந்தாள். இடையில் கண்டரமாணிக்கத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து நடந்தது. பந்தியில் எல்லாரையும் விசாரித்துக்கொண்டு வந்த சித்ரா, அண்ணன் இலையில் பாயசம் ஊற்றச் சொல்லிவிட்டு, மதினியின் இலையைப் பார்க்காமலே தாண்டிப் போனாள். யோகலட்சுமி அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை. பள்ளி மூன்று மணிக்கு விட்டதும் பையனைக் கூப்பிட ஆளில்லாமல் சித்ரா தினமும் பர்மிஷன் போட்டு ஓடினாள். ஆபீஸில் பேச்சு வாங்கினாள். மழை தொடங்கிய ஒரு காலையில் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, நாலாயிரத்தை யோகலட்சுமியின் கையிலேயே கொடுத்தாள். இருவரும் பழைய பேச்சை எடுக்கவில்லை.

ஒரு வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் பையனைக் கூப்பிட வந்தவள் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"நேத்து இவனுக்குத் தயிர் குடுத்தீகளா? சளி புடிச்சிருக்குன்னு தெரியாதா மதினி?"

யோகலட்சுமிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. பிறகுதான் தோன்றியது, முன்பு பையன் இங்கே இருந்த காலமெல்லாம் சித்ரா ஒரு கேள்வி கேட்டதில்லை. அவன் உதடு கிழிந்த அன்றும் வாயை மூடிக்கொண்டுதான் போனாள். காசில்லாமல் விடுகிற பிள்ளைக்கு எந்த வாயால் குறை சொல்வது? குறையை எல்லாம் முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். இனி மோர்கூடக் கொடுப்பதில்லை என்று யோகலட்சுமி சொன்னாள். மறுநாள் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று சித்ரா கேட்டாள், அதற்கும் பதில் சொன்னாள்.

இப்போது அந்த வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அதற்கு மேல் அவள் சேர்ப்பதில்லை. போன சித்திரையில் கட்டணத்தை முந்நூறு ரூபாய் கூட்டினாள், மாசியிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பூமிநாதன் உடனே தலையாட்டினார். பாண்டிமுருகன் கொஞ்சம் யோசித்துச் சரி என்றான். சித்ரா மட்டும் பால் விற்கிற விலைக்கு இது காணுமா, இன்னும் கொஞ்சம் கூட்டக் கூடாதா என்று கேட்டாள். அவள் கேட்டதும் நியாயந்தான். ஆனால் மற்றவர்களுக்கு ஏற்கனவே சொல்லியாயிற்று என்று யோகலட்சுமி அதோடு விட்டுவிட்டாள்.