பாவமா என்று மட்டும் கேட்டேன்

அரிப்பு என்ற எங்கள் கடலோர ஊரில் சங்கு குளிக்கும் என் கணவர், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். ஒரு வருடம் கழித்து, இந்தியாவில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்ற விளம்பரத்தை ஃபோனில் பார்த்தோம். அதைக் கருவிலிருந்து எடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, பயந்துபோய்ப் பங்குத்தந்தையிடம் ஓடினேன்.

அவர் விளம்பரத்தை வாசித்தார். "இது உங்கட மனுசன்ர எலும்பு மஜ்ஜையில இருந்துதானே எடுக்கினம்? பாவமில்லை, பிள்ளை. ஆனா டொக்டரிட்டயும் கேளுங்கோ."

முதல் பாதியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தியாவுக்குப் போனோம். முதுகில் ஊசி போட்டார்கள். காய்ச்சலோடு திரும்பினோம். கால்கள் அப்படியேதான்.

பிறகுதான் ஊர் ஆஸ்பத்திரி டொக்டரிடம் போனேன். "அம்மா, இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. சுகம் வருமெண்டு ஒருத்தரும் நிரூபிக்கேல்லை. போக முதல் ஏன் கேக்கேல்லை?" என்றார்.

இப்போது வேறு குளியாட்களின் மனைவிமார் அந்த ஊசி போடும் இடத்தின் முகவரியைக் கேட்டால் கொடுப்பதில்லை. முதலில் டொக்டரிடம்தான் அனுப்புகிறேன்.

வீட்டில்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. விடிந்ததும் அவர், "பெருவிரல் அசைஞ்சதோ, பார்" என்கிறார். பார்க்கிறேன். இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லை.

"இன்னும் இல்லை" என்கிறேன்.