சிக்ஸ்டனுக்கு விழுந்த பரண்

என் வீட்டுக்காரர் சிக்ஸ்டனுக்குக் கால் ஓயாது. வலி என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தால், படுத்தால் உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு இம்சை, எழுந்து நடந்தால்தான் அடங்கும். பொழுது சாய்ந்தால் நடை. அவர் நடக்க, தரைப்பலகை முனக, நானும் தூங்காமல் கிடப்பேன். காலையில் ரெண்டு பேரும் செத்த முகத்தோடு காபி குடிப்போம். இப்படியே பல வருஷம்.

போன குளிர்காலத்தில் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். கால் அடங்கியது. அப்பாடா என்று இருந்தது. குமட்டல் வந்தது, ரொட்டியோடு விழுங்கிச் சமாளித்தார். அப்புறம் வந்தது பாருங்கள், பகல் தூக்கம். கொட்டாவிகூட வராது. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாயும், கரண்டி சூப்பில் விழும். கார் ஓட்டுவது என் தலையில் விழுந்தது. டாக்டரிடம் சொல்லுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். மாட்டாராம். சொன்னால் டாக்டர் அதிகாரிகளுக்கு எழுதிப் போடுவார், துப்பாக்கி லைசென்ஸ் போய்விடும். செப்டம்பரில் மூஸ் மான் வேட்டைக்குப் போகாதவரை எங்கள் ஊரில் யார் மதிப்பார்கள்? குமட்டலை மட்டும் சொல்லிவிட்டு வந்தார், கல்லுளிமங்கர்.

வேட்டை தொடங்கும் காலை. காட்டுக் குடிசையில் எல்லோரும் கூடியிருந்தோம். உட்கார்ந்து சுட யாருக்கு எந்தப் பரண் என்று தலைவர் பெர்டில் தொப்பியை நீட்ட, சீட்டு எடுத்தார்கள். எங்கள் மகள் லின்னேயாவுக்கு இது முதல் வேட்டை. அவளுக்குச் சதுப்பு ஓரத்துப் பரண் விழுந்தது. அதற்கு நேர் எதிர்ப் பரண் சிக்ஸ்டனுக்கு. பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார், காபிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. எல்லோரும் சிரித்தார்கள். கனவிலேயே ஒரு மானைச் சுட்டுவிட்டான் என்றார் பெர்டில். நான் எழுந்து அவரிடம் போனேன்.

"பெர்டில், இவரைப் பரண்ல ஏத்தாதீங்க. மாத்திரைத் தூக்கம், தினமும் இப்படித்தான் விழறார். எதிர்ல எம் பொண்ணு உக்காந்திருப்பா."

சிரிப்பு நின்றது. வீட்டு விஷயத்தைக் குடிசைக்குக் கொண்டுவரும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. சிக்ஸ்டன் விழித்து அதைக் கேட்டுவிட்டார். தோட்டாப் பெட்டியைப் பெர்டில் கையில் வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார். வீடு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. வீம்புக்கு அன்று மாத்திரையும் போடவில்லை. மத்தியானமே நடை ஆரம்பித்தது. நான் அழுதுகொண்டே உருளைக்கிழங்கு உரித்தேன்.

சாயங்காலம் லின்னேயா வந்தாள். ஏதாவது சுட்டாயா என்று கேட்டேன். மான் பக்கத்தில் வந்ததாம். இவள் அசைந்ததில் ஓடிவிட்டதாம்.

அவர் நடந்துகொண்டே கேட்டார், "ஏன் அசைஞ்ச?"

"கால் நிக்கலப்பா. கொஞ்ச நாளாவே இப்படித்தான். உள்ள என்னவோ ஊருது."

சிக்ஸ்டன் நின்றுவிட்டார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கால் துடித்தும் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம், ரெண்டு பேரும். நீ எதையும் மறைக்காம சொல்லு. நானும் தூக்கத்தைப் பத்திச் சொல்லிடறேன்."

"உங்க லைசென்ஸ் போயிடுமேப்பா."

"போனாப் போகுது. நீயும் என்னை மாதிரி வாயை மூடிக்கிட்டு நடக்க வேணாம்."