சிப்பாய் கோட்டும் இரண்டு அங்குலமும்

தையல்காரனுக்கு அளவெடுக்கத் தெரிந்தால் போதாது, எடுத்த அளவை நம்பாமலிருக்கவும் தெரிய வேண்டும். மயிலாப்பூரில் ஜென்ட்ஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போலக் கத்தரியும் கையுமாகத் திட்டு வாங்கும் சகோதரர்களே, இதைக் கேளுங்கள்.

பூட்டாத பட்டன்

அடையாறிலிருந்து சுந்தரராஜன் சார் வந்தார். பேங்க்கில் ரிடையர் ஆனதும் சரித்திரத்தைப் பிடித்துக்கொண்டவர். பதினெட்டாம் நூற்றாண்டுக் கம்பெனி சிப்பாயின் சிவப்புக் கோட்டு வேண்டுமாம். அதைப் போட்டுக்கொண்டு ஒரு சபாவில் பேசப்போகிறாராம். கம்பளித் துணி லண்டனிலிருந்து மகன் அனுப்பியது. கெட்டால் வேறு கிடையாது என்று பத்துத் தடவை பயமுறுத்தினார்.

படத்தைப் பார்த்தேன். மார்பில் இரண்டு வரிசை பட்டன், ஒன்றுகூடப் பூட்ட வராது. கேட்காமலிருக்க முடியுமா? கேட்டேன்.

"பாய், அந்த பட்டன் பாக்கறதுக்கு, போடறதுக்கில்ல."

நாலு நாள், ஒரு கை

மிஷினே கூடாது, எல்லாம் கைத்தையல் என்றார். கோட்டின் ஒரு கைக்கே நாலு நாள் ஆனது. விரலெல்லாம் பொத்தல். கல்யாண சூட்டுகள் அலமாரியில் காத்திருக்க, நான் சிவப்புக் கம்பளியோடு மல்லுக்கட்டினேன். பக்கத்து மிஷினில் பேன்ட் தைக்கும் துரைக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பாய், அந்த சிப்பாய் இத்தினி வருசமா கோட்டு இல்லாமலா நின்னுக்கினு கீறான்?"

உள்ளே விட்ட துணி

நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட, பக்கத் தையலுக்குள் இரண்டு அங்குலம் துணி விடுவது எங்கள் பழக்கம். ட்ரையலுக்கு வந்தவர் கோட்டைப் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார். அந்தக் காலத்தில் இப்படி விடவே மாட்டார்களாம், வெட்டியெறிய வேண்டுமாம். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்டவா முடியும்? எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போனதும், வெட்டாமல் மடித்து லைனிங்குக்குள் ஒளித்துவிட்டேன். போகும்போது வாசலில் திரும்பி நின்று அவர் சொல்லியிருந்தது இது:

"என் உடம்பு முப்பது வருஷமா இதே அளவுதான் பாய்."

நாலு கல்யாணம்

பேச்சு நாள் காலையில் போன். கோட்டு ஏறவில்லை. நடுவில் நாலு கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறார். ஊசி நூலோடு ஆட்டோ பிடித்து அடையாறுக்கு ஓடினேன். ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு அழாக்குறையாக நின்றார். லைனிங்கைப் பிரித்து ஒளித்ததைக் காட்டினேன். சாயங்காலம்வரை உட்கார்ந்து பிரித்து, கையாலேயே திரும்பத் தைத்து மாட்டிவிட்டேன்.

சபாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு நன்றி சொல்வார் என்று ஆசைதான். பேச்சு முடிந்ததும் முன்வரிசை அம்மாள் ஒருவர் கோட்டைத் தொட்டுப் பார்த்து, விலாப் பக்கத்தில் பழைய தையல் தடம் தெரிகிறதே என்றார். சுந்தரராஜன் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தக் காலத்து டெய்லருங்க உள்ள ரெண்டு அங்குலம் விட்டுத்தாம்மா தைப்பாங்க. நான்தான் சொல்லி விட வச்சேன்."

இப்போதெல்லாம் எந்த நூற்றாண்டுக் கோட்டு என்று கேட்பதற்கு முன்னால், வீட்டுக்கு எத்தனை கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன்.