புளி மண்டி மாரப்பண்ணன் வைத்த அளவு

1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. சாமுண்டி மலை அடிவாரத்தில், முதல் படிக்கு முன்னால், ஆட்கள் பதினான்கு. பதினைந்து இருக்க வேண்டும். வராத அந்த ஒருவர் நம் புளி மண்டி மாரப்பண்ணன். எந்த ஞாயிறும் எங்களுக்கு முன்னால் வந்து நிற்கிற மனிதர் என்பதால் நான் முதலில் என் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். ஆறு மணிக்கு அவருடைய மைத்துனர் நாச்சிமுத்து தூறலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே சொன்னார்:

"மச்சான் எந்திரிக்கலைங்க. ராத்திரி நல்லா உண்டுட்டுத்தான் படுத்தாரு. காத்தால அக்கா எழுப்புனா, ஒடம்பு சில்லுன்னு கெடக்குதுங்க."

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரோடு மலை ஏறியவர்கள். மீதிப் பேர் அவரிடம் புளி வாங்கியவர்கள். அஞ்சலி என்றால் தாழ்ந்த குரலில் எழுத வேண்டும் என்று சொல்கிறார்கள். எனக்கு அது வராது. அவரை நினைத்தாலே எழுந்து நடக்கத் தோன்றுகிறது. தவிர, முடிக்க வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. அவர் வயது ஐம்பத்தொன்று. "மலை ஏறி ஏறித்தான் நெஞ்சு நின்னுபோச்சு" என்று ஞாயிறு மத்தியானத்துக்குள் எங்கள் பேட்டையான மண்டி மொஹல்லா தீர்ப்பு எழுதிவிட்டது. பதினான்கு பேரில் பலர் இனி வரப்போவதில்லை என்று இழவு வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அதாவது, ஒரு சாதாரண மனிதனுக்கு எவ்வளவு உடம்பு வேண்டும் என்று அவர் ஓர் அளவு வைத்திருந்தாரே, அந்த அளவும் அவரோடு சேர்ந்து எரிந்துபோக வேண்டுமாம். அதை நான் ஒத்துக்கொள்ள முடியாது.

நான் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். பாலமும் மதகும் கட்டுவது வேலை. மாரப்பண்ணனை அறியாத அந்தக் காலத்தில் தினமும் காலையில் குஸ்திக் கூடத்துக்குப் போய்த் தண்டாலும் பஸ்கியும் எடுத்துவிட்டு, உடம்பில் செம்மண்ணோடு தெருவில் நடந்து வருவேன். யாராவது பார்க்கட்டும் என்றுதான். அப்படி ஒரு நாள், கௌதள்ளியிலிருந்து வந்த புளி வண்டி ஒன்று சந்தில் அச்சு முறிந்து நின்றது. மூட்டைகளை இறக்க வேண்டும். ஒரு மூட்டையை நான் ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். சந்தே கை தட்டியது. மூட்டையைக் கடைக்குள் போட்டேன், பிறகு வாசல் கல்லில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. எதிரே ஓர் ஆள், என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், தொந்தி முன்னால் போக, தோளுக்கு ஒன்றாக மூட்டைகளைச் சுமந்து உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். நடுவில் கூலியாட்களோடு சம்பந்தி வீட்டுச் சண்டை ஒன்றை விவரித்துக்கொண்டிருந்தார். வண்டி காலியானதும் என்னிடம் வந்தார்.

"நல்லாத் தூக்குனீங்க தம்பி. அழகா இருந்துது. ஆனா ஒண்ணு கேக்கறேன். அடுத்த மூட்டைய யாருங்க தூக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. பதிலும் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளே அவர் கடைக்குப் போனேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. "நான் பயில்வான் ஆகப்போவதில்லை, நீங்களும் இல்லை. சாதாரண மனுஷனுக்கு எவ்வளவு பலம் வேண்டும்? எண்ணாகச் சொல்லுங்கள்" என்றேன். அவர் அப்போது ஒன்பதாவது இட்லியில் இருந்தார்.

"எண்ணு எனக்குத் தெரியாதுங்க. இப்படி வெச்சுக்கங்க. ஊட்டுல ஒருத்தரு கீழ உளுந்துட்டா, தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகோணும். போனப்பறம் டாக்டருகிட்ட என்ன ஆச்சுன்னு சொல்றதுக்கு வாயில மூச்சு இருக்கோணும். கீழ உக்காந்தா கை ஊனாம எந்திரிக்கோணும். ஒரு வேளை சோறு இல்லீன்னா ஊட்டுல யாரு மேலயும் எரிஞ்சு உளாம இருக்கோணும். அவ்வளவுதானுங்க. மத்ததெல்லாம் தசராவுல காட்டறதுக்கு."

"கடைசிச் சோதனையில் நீங்கள் தேறுவீர்களா?"

"அதுல மட்டும் நானு பெயிலுங்க" என்று பத்தாவது இட்லியை எடுத்தார்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, ஒரு மதகின் வரைபடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது பிடி கிடைத்தது. தினம் போகும் வண்டியின் பாரத்துக்கு மட்டும் யாரும் பாலம் கட்டுவதில்லை. அதைப்போலப் பல மடங்கு தாங்கும்படி கட்டுகிறோம். ஏன்? என்றைக்கோ ஒரு நாள் வெள்ளம் வரும். வெள்ளத்தோடு கூட்டமும் வரும். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் அந்தப் பலம் கல்லுக்குள் சும்மா இருக்கும். மனிதனுக்கும் அதே கணக்குத்தான்! எவ்வளவு தூக்கினாய் என்பது கேள்வியே இல்லை. தூக்கிய பிறகு எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. வரைபடத்தை அப்படியே போட்டுவிட்டு மண்டிக்கு ஓடினேன். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதைத்தானுங்களே நானு இட்லி திங்கறப்ப சொன்னேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்படித்தான் பிறந்தது. சேர்ந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியும்: வெல்லக் கடை நஞ்சப்பா, துணிக்கடை சபாபதி முதலியார், இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்கள், தபால் குமாஸ்தா. ஒருவருக்கும் மார்பு விரிந்ததில்லை. எல்லோருக்கும் வயிறு விரிந்திருந்தது. விதி ஒன்றே ஒன்று. ஏறும்போது பேசிக்கொண்டே ஏற வேண்டும். எந்த இடத்தில் பேச்சு நிற்கிறதோ, அன்றைக்கு அங்கேயே நின்று திரும்பிவிட வேண்டும். "பேச்சு நிக்கற எடத்துல நீங்களும் நின்னுக்கங்க. மலை எங்கீம் போயிராது" என்பார். உச்சிக்குப் போனவர்களுக்கு ஒரு பரீட்சை. போய்ச் சேர்ந்த கணமே அவர் கேட்பார்: "ஊர் நாயம் என்னங்க?" தன் கடையில், வீட்டில் நடந்ததை ஒரே மூச்சில், திக்காமல் சொல்ல வேண்டும்.

முதலியாருக்கு முதல் ஞாயிறு முப்பதாவது படியில் பேச்சு நின்றது. நஞ்சப்பா சிரித்தார். மாரப்பண்ணன் சிரித்தவரைப் பார்த்து, "நீங்க மேல போங்க சாமி. முதலியாருகிட்ட எனக்கு வேட்டி வேவாரம் பேச வேண்டியது கெடக்குது" என்று சொல்லி முதலியாரோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் எப்போதும் கடைசி ஆள். மிகவும் மெதுவாக ஏறுகிறவர் யாரோ அவருக்குப் பக்கத்தில்தான் அவரைப் பார்க்கலாம். நான் எப்போதும் முதல் ஆள். மேலே போய் நின்றுகொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்துவேன். கீழேயிருந்து அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நீங்க பாட்டுக்கு காத்து வாங்குங்க தம்பி."

எட்டு மாதத்தில் முதலியார் பாதி மலைக்கு மேலே இருக்கும் நந்திச் சிலையைத் தொட்டார். அதற்கடுத்த கோடையில் உச்சி. அங்கே இடுப்பில் கை வைத்து நின்று, "பெங்களூர்த் துணி பேல் இன்னும் வரலை, வீட்ல இன்னிக்கு உப்புமா, அதுல உப்பு இல்லை, சொன்னா சண்டை, அதனால சொல்லலை" என்று ஒரே மூச்சில் கொட்டினார். மாரப்பண்ணன் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

இந்த அளவு சரியா என்று பார்க்கும் நாள் போன வருஷம் தசராவுக்கு முந்தின வாரம் வந்தது. பட்டப்பகல். முதலியாரின் மனைவி தனம்மாவுக்கு மாதம் நிறைவதற்கு முன்பே பிரசவ வலி கண்டுவிட்டது, இரத்தமும் போகிறது. சந்து முழுக்கச் சரக்கு வண்டிகள், இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஜட்கா உள்ளே வர வழியில்லை. முதலியார் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையிலிருந்து மாரப்பண்ணன் இறங்கி வந்தார். "கட்டலைத் தூக்குங்க" என்றார். அவர், முதலியார், நஞ்சப்பா, நான். வண்டிகளுக்கு இடையில் கட்டிலைத் தோள் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரி வரை எங்கும் இறக்கவில்லை.

தூக்கியதைவிட எனக்கு நினைவிருப்பது வேறு. வழி நெடுக அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். "தனம், பயப்படாதே, மார்க்கெட் தாண்டியாச்சு" என்று முதலியார். "அம்மிணி, பையன் பொறந்தா எங்கூர்ப் புளிதான் மொதச் சீரு" என்று மாரப்பண்ணன். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் முதலியார் நின்ற நிலையில் தெளிவாகப் பதில் சொன்னார்: எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு இரத்தம், எத்தனையாவது மாதம். மூச்சிரைப்பில் வீணான நொடி ஒன்றுகூட இல்லை. தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள். பெண்ணானாலும் புளி வந்தது, ஒரு மூட்டை. முதலியார் வீட்டில் இன்னும் தீரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இழவு வீட்டு வாசலில் கூட்டம். "பேடா சுவாமி, பேடா, வேண்டாம். நான் இனிமே மலைப் பக்கமே வரலை" என்று நஞ்சப்பா கையெடுத்துக் கும்பிட்டார். முதலியார் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "அவருக்கே இப்படின்னா நாம எந்த மூலைக்கு? ஏறினதும் போதும், இறங்கினதும் போதும். கடைசில என்ன கண்டார் மனுஷன்?" என்றார்.

உள்ளே மாரப்பண்ணனின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனம்மா, இடுப்பில் குழந்தையோடு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"என்ன கண்டாரா? இதோ, இவளைக் கண்டார். நீங்க சாய்ஞ்சு நின்னது போதும். போய்த் தோள் குடுங்க."

முதலியார் சுவரை விட்டு நிமிர்ந்தார். துண்டை இடுப்பில் கட்டினார்.

மாரப்பண்ணனின் எடையைப் பற்றி அவரே சொல்வார், "நானு ஒண்ணரை மூட்டைங்க" என்று. பாடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரு தோள் மாற்றுவதுதான் வழக்கம். மாற்றிக்கொள்ள ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். முன்பக்கம் முதலியாரும் நானும். பின்பக்கம் நஞ்சப்பாவும் நாச்சிமுத்துவும். மார்க்கெட்டைத் தாண்டினோம். யாரும் தோளைத் தரவில்லை. தூறல் வலுத்து, தரை சேறாகி, மேடு வந்தது. அப்போதும் தரவில்லை. சுடுகாட்டில் இறக்கி வைத்தோம்.

இறக்கி வைத்ததும் எங்கள் எல்லோர் காதும் எதையோ எதிர்பார்த்தது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்த கணத்தில் ஒரு குரல் கேள்வி கேட்குமே, அந்தக் கேள்விக்குப் பழகின காது. கேட்க ஆளில்லை. முதலியார் பாடையின் தலைப்பக்கம் நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார். ஒரே மூச்சில், ஒரு இடத்திலும் திக்காமல் சொன்னார்:

"பெங்களூர் பேல் நேத்து வந்துடுச்சு, பாப்பா சுவத்தைப் பிடிச்சு நிக்கறா, தனம் இன்னிக்கு எல்லார் முன்னாலயும் என்னைத் திட்டினா, திட்டினது சரிதான்."

அதற்குப் பிறகுதான் அழுதார்.

மலை ஏறியதால் இறந்தாரா? எனக்கு வைத்தியம் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். தீர்ப்பு எழுதிய மண்டிக்காரர்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது பாலம். எந்தப் பாலமும் ஒரு நாள் விழும். விழாத பாலம் கட்டித் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் அவனை வேலையிலிருந்து துரத்த வேண்டும். விழும்வரை அதன் மேல் எத்தனை பேர் கரை சேர்ந்தார்கள் என்று கேளுங்கள், அது கேள்வி. நீண்ட ஆயுள் தருவதாக மாரப்பண்ணன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்தவர் சுமையை ஒரு நாள் தூக்கவும், தூக்கிய பிறகு அவருக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லவும் உடம்பில் மிச்சம் வேண்டும் என்றார். அது எந்தக் குமாஸ்தாவுக்கும் எந்தக் கடைக்காரருக்கும் எட்டும் அளவு. முப்பதாவது படியில் நின்றுபோன ஒருவர் அந்த அளவை எட்டியதை ஞாயிறு மாலை மழையில் நானே பார்த்தேன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவர் இட்லியும் அவர் பொறுமையும் எனக்கு வராது. அவர் அளவை மட்டும் வைத்துக்கொள்கிறேன். இனி நான் செய்யப்போவது:

1. வருகிற ஞாயிறு, பதினெட்டாம் தேதி, காலை ஐந்தே முக்காலுக்கு முதல் படியில் நிற்பேன். யார் வந்தாலும், வராவிட்டாலும்.

2. அதற்கு முன் சனிக்கிழமை நஞ்சப்பா கடைக்குப் போய் உட்காருவேன். வாதாட மாட்டேன். பாடையை எவ்வளவு தூரம் தோள் மாற்றாமல் தூக்கினார் என்று மட்டும் அவரையே சொல்லச் சொல்வேன்.

3. நாச்சிமுத்துவைச் சேர்த்துக்கொள்வேன். தோள் இருக்கிறது.

4. உச்சியில் "ஊர் நாயம் என்னங்க?" என்று கேட்கும்படி முதலியாரிடம் சொல்வேன். அந்தக் கேள்வி என் வாயில் பொருந்தாது.

5. கடைசி ஆளாக ஏறுவேன். யாருக்குப் பேச்சு நிற்கிறதோ அவரோடு அந்தப் படியில் உட்காருவேன். மேலே முதலில் போய்ச் சேர்ந்த எவனாவது "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்தினால், காற்று வாங்கச் சொல்வேன்.